சாலை விபத்தை அளந்து ஆராயும் வேலைக்கு வருகிறவர்களுக்கு: படிப்பு, களம், காகிதம், செலவு

முதலில் கடைக்குப் போய் இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். கெட்டி அட்டை போட்டதாக, பக்க எண் அச்சிட்டதாக இருக்கட்டும். படிப்பு, கருவி, மென்பொருள் எல்லாம் அப்புறம். இந்த நோட்டு இல்லாமல் நான் இரண்டு வருடம் வேலை செய்தேன். அந்த இரண்டு வருட அனுபவம் இன்றுவரை எனக்குக் கணக்கில் வரவில்லை.

ஆக்சிடென்ட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்று சொல்கிற இந்த வேலையைத் தமிழில் விபத்து மறுகட்டமைப்பு என்கிறோம். சாலையில் கிடக்கும் டயர் தடம், கீறல், கண்ணாடித் தூள், வண்டியின் நசுங்கல் இவற்றை அளந்து, மோதலுக்கு முன் யார் எந்த வேகத்தில் எந்தப் பக்கம் வந்தார்கள் என்று பின்னோக்கிக் கணக்கிடுவது. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டுச் சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையில் நான்கு வருடம் இருந்தேன். அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தேன். யாரைக் கேட்பது, எதைச் சேர்த்து வைப்பது, எதற்குப் பணம் கட்டுவது என்று சொல்ல ஆள் இல்லாமல் நிறைய நாள் வீணானது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. எந்த வாசல் வழியாக வரப் போகிறீர்கள்?

நம் நாட்டில் இந்த வேலைக்கென்று தனியாக அரசு உரிமம் கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் தன்னை நிபுணர் என்று போட்டுக்கொள்ளலாம், நீதிமன்றமும் யாரை வேண்டுமானாலும் நிராகரிக்கலாம். உள்ளே வர நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி அரசு வேலை. மோட்டார் வாகன ஆய்வாளர் பதவிக்குத் தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது. ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் படிப்பு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கேட்பார்கள். பட்டறை அனுபவச் சான்றும் கேட்கிறார்களா என்று அறிவிப்பில் பாருங்கள். கேட்டால், பலர் சறுக்குவது அந்தப் பட்டறைச் சான்றில்தான். அறிவிப்பில் எந்த வகைப் பட்டறை, எந்த வகை வண்டிகள் என்று சொல்லியிருக்கிறார்களோ அதே வாசகம் சான்றிலும் இருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு பட்டறைக்காரரைத் தேடி ஓடினால் நேரம் போதாது.

இரண்டாவது வழி ஆராய்ச்சி நிறுவனங்கள். இதைத்தான் நான் முதலில் சொல்வேன். கோயம்புத்தூரில் ஜேபி ரிசர்ச் இந்தியா இருக்கிறது. 2011-இல் தொடங்கிய ராஸி என்ற விபத்துத் தரவுத் திட்டத்துக்காக நேரில் போய் அளந்து பதிவு செய்கிறவர்கள். சென்னை ஐஐடியில் சாலைப் பாதுகாப்புக்கான மையம் இருக்கிறது. டெல்லி ஐஐடியில் போக்குவரத்து, காயத் தடுப்பு ஆராய்ச்சி மையமான ட்ரிப், புனேயில் வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏஆர்ஏஐ, சாலைப் போக்குவரத்து நிறுவனமான சிஐஆர்டி. இவற்றில் திட்டப் பணியாளராகவோ பயிற்சி மாணவராகவோ ஆறு மாதம் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பார்த்து மறுக்காதீர்கள். ஒரே ஆண்டில் நீங்கள் நேரில் பார்க்கப்போகும் விபத்து இடங்களைத் தனியாக இருந்து பார்க்க ஐந்து ஆண்டு ஆகும்.

மூன்றாவது, காப்பீட்டு சர்வேயர். இதற்கு காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பின் உரிமம், பயிற்சி, தேர்வு எல்லாம் உண்டு. ஆனால் அந்த வேலை சேதத்தின் பண மதிப்பைச் சொல்வது. வேகத்தைச் சொல்வது வேறு. உரிமம் இருப்பதாலேயே விபத்து நடந்த விதத்தையும் சொல்லலாம் என்று நினைத்து எழுதிக் கொடுத்துவிட்டு, நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, தனி ஆலோசகராக வக்கீல்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அறிக்கை எழுதுவது. இதில் நேரடியாக நுழைய முயலாதீர்கள். மற்ற மூன்றில் ஒன்றில் குறைந்தது இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வாருங்கள்.

2. கணக்கு: மூன்று மாதம், வீட்டிலேயே

பிளஸ் டூ இயற்பியல் தெரிந்தால் போதும், ஆனால் அது சரளமாக வர வேண்டும். உந்த அழிவின்மை, ஆற்றல், உராய்வு, எறிபொருள் இயக்கம். பழைய பாடப் புத்தகத்தை எடுத்து எல்லாக் கணக்குகளையும் மறுபடி போடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

அப்புறம் பிரேக் தடத்திலிருந்து வேகம் காணும் கணக்கு. 254-ஐ உராய்வு எண்ணாலும் (சாலையை டயர் எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் எண்) தடத்தின் நீளத்தாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். நீளம் மீட்டரில் இருக்க வேண்டும். காய்ந்த தார்ச் சாலையில் உராய்வு 0.7 என்று வைத்துக்கொள்வோம். தடம் 22 மீட்டர். விடை சுமார் 62 கி.மீ. இதே தடத்துக்கு 0.6 போட்டால் 58, 0.8 போட்டால் 67. ஆக, ஒரே ஒரு எண்ணை எழுதிக் கொடுப்பது தப்பு. 58 முதல் 67 வரை என்றுதான் எழுத வேண்டும், அந்த உராய்வு எண் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும்.

புதியவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. அந்தக் கார் 22 மீட்டர் சறுக்கி, கடைசியில் 30 கி.மீ. வேகத்தில் ஒரு மரத்தில் மோதியது என்று வையுங்கள். 62-ஐயும் 30-ஐயும் கூட்டி 92 என்று எழுதிவிடுவார்கள். வேகங்களைக் கூட்டக் கூடாது, ஆற்றலைத்தான் கூட்ட வேண்டும். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 69 வரும். 92-க்கும் 69-க்கும் நடுவில் ஒரு ஓட்டுநரின் வாழ்க்கை இருக்கிறது. இந்தக் கணக்கைப் பத்து விதமாகப் போட்டுப் பழகாமல் களத்துக்குப் போகாதீர்கள்.

ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் அமைப்பு, உள்ள வண்டி பிரேக் அடித்தால் பழைய மாதிரி கறுப்புப் பட்டை விழாது. மங்கலாக, விட்டுவிட்டு ஏதோ தெரியும், சில சமயம் ஒன்றுமே தெரியாது. "தடம் இல்லை, ஆகவே பிரேக் பிடிக்கவில்லை" என்று எழுதினால் அந்த அறிக்கை அங்கேயே முடிந்தது. அதேபோல் வளைவில் பக்கவாட்டில் நழுவிப் போன டயரின் தடமும் பிரேக் தடமும் வேறு வேறு. நழுவிய தடத்தில் குறுக்காக மெல்லிய கோடுகள் தெரியும், அதற்கு வளைவின் ஆரத்தை வைத்து வேறு கணக்கு. காலி லாரி பிரேக் அடித்தால் பின் சக்கரம் துள்ளித் துள்ளித் தடம் விழும். இவை எல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட பட்டறையில் ஒரு மூத்த டிரைவரிடம் கேட்டால் சீக்கிரம் புரியும். எனக்கு டிரம் பிரேக் பற்றிப் புரியவைத்தவர் பட்டறையில் இருந்த ஒரு பெரியவர்தான். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

3. கருவிகள்: ஏழாயிரம் ரூபாய்க்குள் தொடங்கலாம்

லேசர் ஸ்கேனர், டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி) என்று ஆரம்பிக்க வேண்டாம். நான் வாங்கியவை: முப்பது மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று, உருட்டி அளக்கும் சக்கரம் ஒன்று, ஐந்து மீட்டர் ஸ்டீல் டேப், சரிவு பார்க்கும் டிஜிட்டல் லெவல், தராசுக் கொக்கி மாதிரியான இழுவைத் தராசு, மஞ்சள் சுண்ணாம்புக் கட்டி ஒரு பெட்டி, எண் போட்ட சிறிய அட்டைகள், டயர் பட்டன் (டயரின் மேல் உள்ள வெட்டுக் கட்டைகள்) ஆழம் பார்க்கும் அளவி, டார்ச், ஒளிரும் ஜாக்கெட், நான்கு கூம்பு. எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஜாக்கெட்டிலும் கூம்பிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். விபத்து நடந்த இடத்தில் இரண்டாவது விபத்து நடப்பது சாதாரணம். நெடுஞ்சாலையில் குனிந்து அளந்துகொண்டிருக்கும் ஆள் லாரி ஓட்டுநரின் கண்ணில் கடைசி நொடியில்தான் படுவார்.

டோட்டல் ஸ்டேஷன் தேவைப்பட்டால் நில அளவை செய்கிறவர்களிடம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அப்படி எடுக்கும்போது அந்தக் கருவியின் அளவுத்திருத்தச் சான்றின் (கருவி சரியாக அளக்கிறது என்று சோதித்துத் தரும் சான்று) நகலையும் வாங்கிவிடுங்கள். ட்ரோன் வாங்குவதாக இருந்தால் 250 கிராமுக்குள் வாங்குங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி அந்த எடைக்குள் இருந்தால் ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் தளத்தின் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விமான நிலையத்தையும் விமானப்படைத் தளத்தையும் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரம் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

4. களம்: எப்படிப் போவது, எதை முதலில் அளப்பது

இதுதான் உங்களைத் தயார்ப்படுத்தும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அனுமதி முதலில். விசாரணை அதிகாரியின் அனுமதி இல்லாமல் போலீஸ் கட்டுப்பாட்டில் இருக்கும் இடத்தையோ வண்டியையோ தொடாதீர்கள். நிறுவனத்தில் இருந்தால் அவர்களிடம் மாவட்டக் காவல் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் இருக்கும், அதன் நகலை எப்போதும் பையில் வையுங்கள். தனியாகப் போனால், யார் உங்களை அமர்த்தினாரோ அவரது கடிதம், உங்கள் அடையாள அட்டை, எழுத்தில் ஒரு விண்ணப்பம் மூன்றையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ஸ்டேஷன் ரைட்டரிடம் மரியாதையாகவும் பொறுமையாகவும் பேசுங்கள். காலையில் அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் நின்று பேசுவார். வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைத்த பிறகு என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். கடிதம் இல்லாமல் வண்டியைத் திறந்து பார்த்து, பின்னால் எதிர்த்தரப்பு "இவர்தான் பாகத்தை மாற்றிவிட்டார்" என்று சொன்னால் பதில் சொல்ல ஒன்றும் இருக்காது.

நீங்கள் போகும்போது காயம்பட்டவர் அங்கேயே கிடந்தால் டேப்பைக் கீழே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். உதவி செய்கிறவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. தடம் அழிந்தாலும் பரவாயில்லை.

அழிவதை முதலில் அளக்க வேண்டும். பிரேக் தடம், எண்ணெய், தண்ணீர்க் கசிவு, கண்ணாடித் தூள், மண்ணில் விழுந்த சக்கரத் தடம் இவை ஒரு மழையில், ஏன், அரைமணிப் போக்குவரத்திலேயே போய்விடும். தாரில் உலோகம் குத்திய குழி நாள்கணக்கில் இருக்கும், மின்கம்பமும் பாலமும் எங்கும் போகாது. புதியவர்கள் பெரும்பாலும் நசுங்கிய வண்டியைத்தான் முதலில் படம் எடுக்கிறார்கள், வண்டி நாளைக்கும் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கும். முதல் பதினைந்து நிமிடம் சாலைக்கு.

தாரில் புதிதாக விழுந்த குழியைத் தேடுங்கள். வேகமாக மோதும்போது வண்டியின் முன்பக்கம் கீழே அழுந்தி, சேசிஸோ எஞ்சின் அடிப்பாகமோ சாலையைக் குத்தும். மோதல் நடந்த புள்ளி அதன் பக்கத்திலேயே இருக்கும். கண்ணாடித் தூள் சிதறிய இடத்தை வைத்து மோதல் புள்ளியைச் சொல்லாதீர்கள். தூள் வேகத்தோடு முன்னால் பறந்து போய் விழும்.

அளவு எடுக்கும் முறை. இரண்டு நிலையான புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்: எண் எழுதிய மின்கம்பம், கிலோமீட்டர் கல், பாலத்தின் மூலை. புளியமரமும் பெட்டிக்கடையும் வேண்டாம், சாலை விரிவாக்கத்தில் இரண்டும் போய்விடும். சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டை அடிக்கோடாக வைத்து, ஒவ்வொரு தடயத்துக்கும் கோட்டின் நெடுக எவ்வளவு, கோட்டிலிருந்து குறுக்கே எவ்வளவு என்று இரண்டு எண் எழுதுங்கள். தடம் வளைந்தால் தொடக்கம், முடிவு மட்டும் போதாது, இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி வேண்டும். சாலையின் சரிவும் அளக்க வேண்டும். இறக்கத்தில் ஐந்து சதவீதச் சரிவு இருந்தால் உராய்வு எண்ணில் 0.05 குறைக்க வேண்டும், ஏற்றத்தில் கூட்ட வேண்டும்.

பைக் விபத்துகள்தான் நம் ஊரில் அதிகம், அதில் டயர் தடத்தைவிட சாய்ந்து இழுபட்ட கீறல்தான் கிடைக்கும். அதற்கு 0.7 போடக் கூடாது. அதே மாதிரி பைக்கை, அதே சாலையில், அதே பக்கம் சாய்த்து, இழுவைத் தராசு மாட்டி இழுத்துப் பாருங்கள். இழுக்கத் தேவைப்பட்ட விசையை வண்டியின் எடையால் வகுத்தால் எண் கிடைக்கும். ஐந்து முறை இழுத்து ஐந்து எண்ணையும் எழுதுங்கள்.

எனக்கு ஒரு வழக்கு இன்னும் மனதில் இருக்கிறது. இறந்தவர் அதிவேகமாக வந்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். பைக் 14 மீட்டர் இழுபட்டு, எதிலும் மோதாமல் தானாக நின்றிருந்தது. இழுவைச் சோதனையில் 0.40 முதல் 0.55 வரை வந்தது. கணக்குப் போட்டால், விழுந்தபோது வேகம் 38-லிருந்து 44 கி.மீ. அவர் மனைவி என்னிடம், "அவர் வேகமா வரலைன்னு எழுதுவீங்களா தம்பி?" என்று கேட்டார். "அளவு என்ன சொல்லுதோ அதைத்தாங்க்கா எழுத முடியும்" என்றேன். அப்போது கணக்கே போட்டிருக்கவில்லை. அளவு அவர் பக்கம் பேசியது. பேசாமல் போயிருந்தாலும் நான் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும், அந்த வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லவும் வேண்டியிருந்திருக்கும். இந்த வேலைக்கு வருவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியவை: டயர் காற்று, பட்டன் ஆழம், எந்த கியரில் நிற்கிறது, சீட் பெல்ட் பட்டையில் இழுபட்ட தேய்மானம், பழைய வகைத் தலைவிளக்கு என்றால் உள்ளே இருக்கும் இழை. எரியும்போது அடி வாங்கிய இழை சூட்டில் நீண்டு வளைந்திருக்கும், அணைந்திருந்தால் பெரும்பாலும் அப்படி வளையாது. எல்இடி விளக்கில் இது வேலைக்கு ஆகாது. நசுங்கலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சம இடைவெளியில் ஆறு இடத்தில் அளவெடுங்கள், கணக்குமுறைகள் அப்படித்தான் கேட்கின்றன.

படம் எடுக்கும்போது தூரத்திலிருந்து, நடுவிலிருந்து, கிட்டத்திலிருந்து என்று மூன்று நிலை. கிட்டத்தில் எடுக்கும்போது ஸ்கேல் பக்கத்தில் இருக்க வேண்டும். மங்கலாக வந்த படத்தையும் அழிக்காதீர்கள். வரிசை எண்ணில் ஒன்று விட்டுப்போனால் "அந்தப் படத்தில் என்ன இருந்தது?" என்று கேட்பார்கள். முக்கியமாக, வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூலப்படமாக வைக்காதீர்கள். அது சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் போய்விடும். இறந்தவரின் படம் எந்தக் குழுவுக்கும் போகக் கூடாது.

சிசிடிவி பதிவு நிறைய இடங்களில் பதினைந்து முதல் முப்பது நாளில் மேலேயே எழுதி அழிந்துவிடும். அன்றைக்கே பக்கத்துப் பெட்ரோல் பங்க், ஹோட்டல், டோல்கேட் எது எது என்று பட்டியல் போட்டு விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். இரண்டு டோல்கேட்டைத் தாண்டிய ஃபாஸ்டேக் நேரம் கிடைத்தால் அந்த லாரியின் சராசரி வேகம் கைக்கு வந்துவிடும். பேருந்துகளில் உள்ள இடங்காட்டிக் கருவியின் பதிவும் அப்படியே, சீக்கிரம் கேட்க வேண்டும்.

ஒரு வார்த்தை. முதல் சில மாதம் தூக்கம் கெடும். அது உங்கள் பலவீனம் இல்லை. கூட வேலை செய்கிறவர்களிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

5. பயிற்சி வகுப்பு: எதற்குப் பணம் கட்டுவது

களத்துக்குப் போய் ஆறு மாதம் ஆன பிறகு வகுப்பில் சேருங்கள். அப்போதுதான் கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும்.

நான் முதல் ஆண்டிலேயே ஒரு இணைய நிறுவனத்தில் இருபத்தெட்டாயிரம் ரூபாய் கட்டி "சர்வதேச" சான்றிதழ் வாங்கினேன். அதில் மொத்தப் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று இல்லை, பாடத்திட்டம் இல்லை, கற்பித்தவரின் தகுதி இல்லை. முதல் முறை சாட்சி சொல்லப் போனபோது எதிர்த்தரப்பு வக்கீல் இந்த மூன்றையும்தான் கேட்டார். அதற்குப் பிறகு அந்தச் சான்றிதழை எங்கும் காட்டியதில்லை.

சேரும் முன் இந்த நான்கைக் கேளுங்கள்: சான்றில் மணி நேரம் எழுதித் தருவார்களா, பாடத்திட்டம் அச்சில் உண்டா, சோதனை மோதலோ பிரேக் சோதனையோ நேரில் உண்டா, கற்பிப்பவர் தானே எத்தனை விபத்து ஆராய்ந்திருக்கிறார். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

சாலைப் பாதுகாப்புத் தணிக்கைப் பயிற்சி என்று பதினைந்து நாள் வகுப்புகள் நடக்கின்றன. நல்ல வகுப்புகள், எனக்குப் பயன்பட்டன. ஆனால் அது சாலையின் வடிவமைப்பைப் பார்ப்பதற்கானது. அந்தச் சான்றை வைத்துக்கொண்டு வேகக் கணக்குக்கு நிபுணர் என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துப் பொதுப் பாதுகாப்பு மையமும், வடக்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஐபிடிஎம் நிறுவனமும் விபத்து ஆய்வு, வாகன இயக்கவியல், மறுகட்டமைப்பு என்று படிப்படியாக வகுப்பு நடத்துகின்றன. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர முடியும் என்ற ஒழுங்கு உண்டு. அதனால் நேராகக் கடைசி வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். பிரிட்டனில் ஐடிஏஐ, ஐரோப்பாவில் இவியு என்று தொழில்முறைச் சங்கங்கள் இருக்கின்றன.

6. நோட்டும் கோப்பும்

இப்போது அந்த நோட்டுக்கு வருவோம். ஒவ்வொரு விபத்து இடத்துக்கும் ஒரு பக்கம். தேதி, போன நேரம், முடித்த நேரம், இடம், போலீஸ் வழக்கின் குற்ற எண், வானிலை, எந்த வகை மோதல், நீங்கள் நேரில் அளந்தவை எவை, மற்றவர் அளந்து நீங்கள் எழுதிக்கொண்டவை எவை, கூட இருந்த மூத்தவர் யார், அவர் கையெழுத்து. அழித்து எழுத வேண்டாம், தப்பானால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், குற்ற எண் போதும்.

கூண்டில் என்னிடம், "இதுவரை எத்தனை விபத்து இடங்களை நீங்களே அளந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "இருநூறுக்கு மேல்" என்றேன். "எங்கே பதிவு?" என்றார் வக்கீல். முதல் இரண்டு வருடத்துக்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. நீதிபதி எண்பத்துச் சொச்சம்தான் குறித்துக்கொண்டார்.

நோட்டோடு ஒரு கோப்பும் வையுங்கள். பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஒவ்வொரு பயிற்சியின் சான்றும் பாடத்திட்டமும், கருவிகளின் ரசீது, அளவுத்திருத்தச் சான்று, வேலை செய்த இடங்களின் அனுபவக் கடிதம். அனுபவக் கடிதத்தில் "பொறியாளராகப் பணிபுரிந்தார்" என்று மொட்டையாக எழுதி வாங்காதீர்கள். விபத்து இட ஆய்வு, வாகன ஆய்வு, கணக்கீடு என்று வேலையைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இதை வேலையை விட்டு வரும் வாரமே கேளுங்கள். ஒரு வருடம் கழித்துப் போனால் உங்களைத் தெரிந்தவர் அங்கே இருக்க மாட்டார்.

7. ஏசிடிஏஆர் தேர்வு

ஏசிடிஏஆர் என்பது விபத்து மறுகட்டமைப்பாளர்களுக்குத் தேர்வு வைத்து அங்கீகாரம் தரும் வட அமெரிக்க அமைப்பு. உலக அளவில் மதிப்புள்ள அங்கீகாரம் இதுதான். தேர்வில் இரண்டு பகுதி: ஒன்று கோட்பாடு, இன்னொன்று ஒரு விபத்தின் தரவைக் கொடுத்து முழுதாக ஆராயச் சொல்வது. விண்ணப்பத்தோடு பயிற்சி, அனுபவ ஆதாரம் கேட்பார்கள், நோட்டும் கோப்பும் ஒழுங்காக இருந்தால் ஒரு மாலையில் நிரப்பிவிடலாம். கட்டணம் டாலரில். தேறிய பிறகும் ஐந்து ஆண்டுக்குள் 80 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், அதற்கும் செலவு உண்டு. களத்தில் மூன்று ஆண்டு ஆகும் முன் இதை யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து. தயாரிப்புக்குத் தினம் ஒரு மணி நேரம் வைத்து எட்டு மாதம் எனக்குத் தேவைப்பட்டது. கேள்விகள் அடி, பவுண்டு, மைல் அளவில் வரலாம். அந்த அளவுகளிலும் கை பழக வேண்டும்.

8. மென்பொருள்

கடைசியில் வாங்குங்கள். ஆஸ்திரியாவில் உருவான பிசி-கிராஷ், அப்புறம் வெர்ச்சுவல் கிராஷ் போன்றவை நல்லவை, விலையும் அதிகம். கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போகாத எந்த அனிமேஷனையும் அறிக்கையில் சேர்க்காதீர்கள். வண்டியின் ஏர்பேக் கணினியிலிருந்து பதிவை எடுக்கும் பாஷ் கருவியும் அப்படியே. வாங்கும் முன் அதன் வாகனப் பட்டியலில் நம் ஊரில் ஓடும் மாடல்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள்.

9. முதல் அறிக்கை, முதல் சாட்சியம்

வழக்கில் உங்களுக்கு வர வேண்டிய காகிதங்கள்: முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, போலீஸ் எடுத்த படங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விபத்து வழக்கு ஆவணங்களில் சிலவற்றைக் கட்டணம் கட்டி இறக்கிக்கொள்ளலாம். 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதிகளின்படி போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கையை 90 நாளிலும் தர வேண்டும், அதில் இட வரைபடமும் வாகன இயந்திர ஆய்வும் தனிப் படிவமாக இருக்கும். அந்த வரைபடத்தின் அளவுகளை அப்படியே எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். கம்பத்தையும் பாலத்தையும் நீங்கள் மறுபடி போய் அளந்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். ஒத்துப்போகாவிட்டால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

நிபுணர் கருத்தை நீதிமன்றம் ஏற்பது 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆம் பிரிவின் கீழ். பழைய சட்டத்தில் அது 45. படம், வீடியோ, ட்ரோன் பதிவு கொடுத்தால் 63-ஆம் பிரிவின் சான்றிதழும் கூடவே போக வேண்டும். அதில் இரண்டு பகுதி உண்டு, கோப்பின் ஹேஷ் எண்ணும், அதாவது கோப்பில் எதை மாற்றினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்ணும், எழுத வேண்டும். களத்திலிருந்து வந்த அன்றிரவே மெமரி கார்டை நகலெடுத்து ஹேஷ் எண்ணைக் குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த எண், நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்பதைக் காட்டாது.

கட்டணம் பேசும்போது இட ஆய்வுக்கு ஒன்று, அறிக்கைக்கு ஒன்று, சாட்சி சொல்ல வரும் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று பிரித்து எழுத்தில் கொடுங்கள். இட ஆய்வுத் தொகையையும் பயணச் செலவையும் முன்பணமாக வாங்குங்கள். வாய்தா தள்ளிப்போனாலும் வந்த நாளுக்குக் கட்டணம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த வழக்கை எடுக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் உங்கள் சம்பளம் தீர்ப்பைப் பொறுத்தது என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் டேப் அளவைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

சாட்சி சொல்லப் போகும் நாளுக்கு முன் ஒரு முறை அந்த இடத்துக்குப் போய் வாருங்கள். நான் அறிக்கை கொடுத்த ஒரு வளைவில், வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் சாலை நடுவே தடுப்புச் சுவர் கட்டிவிட்டார்கள். வக்கீல் அன்று காலை எடுத்த படத்தைக் காட்டி, "உங்கள் வரைபடத்தில் இந்தச் சுவர் எங்கே?" என்று கேட்டார். முந்தைய வாரம் நான் போய் வந்திருந்தேன், சுவர் எப்போது வந்தது என்று பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரிடம் விசாரித்து நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.